பேலட் கட்டையில சீசன் அலங்காரம் செய்ய ஆரம்பிச்சேன், பாதிப் பலகை பிளந்து போச்சு. எங்க தப்பு பண்றேன்?

மாடிப்படி_பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போயிடுற ஆளு நான், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன்.

வருஷக் கடைசி சீசனுக்கு வாசல்லயும் வராண்டாவுலயும் வைக்கிறதுக்கு நானே ஏதாவது செய்யலாம்னு ஆசை. கடையில வாங்குற பிளாஸ்டிக் நட்சத்திரம் ஒவ்வொரு வருஷமும் பெட்டியில இருந்து எடுக்கும்போதே ஒரு காலு உடைஞ்சுதான் வருது, அதப் பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சு. மனசுல இருக்குறது மூணு ஐட்டம். பெரிய நட்சத்திரம் ஒண்ணு, சுவத்துல சாய்ச்சு வைக்கிற மாதிரி முக்கோணமா ஒரு மரம், உள்ள லைட்டு போட்ட லாந்தர் பெட்டி ஒரு ஜோடி.

அண்ணன் வேலை பாக்குற குடோன்ல கேட்டு ரெண்டு பேலட் (சரக்கு அடுக்கி வைக்கிற மரத்தட்டு) எடுத்துட்டு வந்தாச்சு, அவங்களே தூக்கிப் போடப் போறதுதான்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நேத்து ஞாயித்துக்கிழமை சுத்தியலும் ஒரு பழைய கடப்பாரையும் வச்சுக்கிட்டு மல்லுக்கட்டுனேன். ஏழு பலகை பிரிச்சேன், அதுல நாலு ஆணி இருக்குற இடத்துல நீளவாக்குல பிளந்துருச்சு, ஆணி மட்டும் கட்டையிலயே கல்லு மாதிரி நிக்குது. கையில ரெண்டு சிராய் ஏறுனதுதான் மிச்சம்.

ஜிக் ஸா, கை டிரில், சின்ன சாண்டர் ஒண்ணு இருக்கு. டேபிள் ஸா எல்லாம் கிடையாது, பட்டறைன்னு பேர் வச்சிருக்கேனே தவிர மாடிப்படிக்குக் கீழ இருக்குற இடம்தான்.

பிளக்காம எப்படிப் பிரிக்கிறது? இந்த மரத்துல விஷ மருந்து அடிச்சிருப்பாங்கன்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, வீட்டுக்குள்ள வைக்கலாமா கூடாதா? அப்புறம் நட்சத்திரத்துக்கு கோணம் எப்படி அளக்குறது, பள்ளிக்கூடத்துலயே கோணமானிக்கும் எனக்கும் ஆகாது.

குடோன்காரன்:

முதல்ல பேலட்ட அறுக்காதீங்க, படிங்க. ஓரத்துல இருக்குற கனமான கட்டையில சூடு வச்ச மாதிரியோ மை அடிச்ச மாதிரியோ ஒரு முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்துல ஐபிபிசின்னு (IPPC) எழுத்து, அப்புறம் நாட்டுக்கு ரெண்டு எழுத்து, செஞ்சவங்களுக்கு ஒரு நம்பர், கடைசியா ரெண்டு எழுத்து. அந்தக் கடைசி ரெண்டு எழுத்துதான் நமக்கு வேணும்.

ஹெச்டின்னு (HT) இருந்தா மரத்தைச் சூடு பண்ணியிருக்காங்க. மேல் தோல் மட்டும் சுட்டா போதாது, கட்டையோட நடு வைரம் வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் ஏறி அங்கயே 30 நிமிஷம் நிக்கணும், அதுதான் கணக்கு. டிஹெச்னு (DH) இருந்தா மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி சமாச்சாரம், 60 டிகிரி ஒரு நிமிஷம். இது ரெண்டுலயும் மருந்தே கிடையாது, வெறும் சூடுதான். எம்பின்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடு வாயு போட்டது, அதத் தொடாதீங்க. வாயு பெரும்பாலும் வெளிய போயிடும்னு வாதம் பண்ற ஆளுங்க இருக்காங்க, இருக்கட்டும், ஹெச்டி பேலட் கொட்டிக் கிடக்கும்போது நமக்கு எதுக்கு அந்த வம்பு. ஓசோன் படலத்தைக் கெடுக்குதுன்னு மான்ட்ரியல் ஒப்பந்தத்துல நிறுத்தச் சொன்ன பொருள் அது, ஆனா ஏற்றுமதி சரக்குல பூச்சி கொல்றதுக்கு மட்டும் விலக்கு குடுத்து வச்சிருக்காங்க, அதனாலதான் இன்னும் அந்த முத்திரை அங்கங்க கண்ணுல படுது. ஐரோப்பிய யூனியன்ல 2010லயே முழுசா நிறுத்தியாச்சு. டிபின்னு (DB) பாத்தா பயப்படாதீங்க, பட்டை உரிச்ச மரம்னு அர்த்தம், அவ்வளவுதான்.

இந்த முத்திரை ஏன் வந்துச்சுன்னா, ஒரு நாட்டு மரப்பூச்சி பேலட்டுக்குள்ள உக்காந்து டிக்கெட் இல்லாம கப்பல் ஏறி அடுத்த நாட்டுக் காட்டைத் தின்னக் கூடாதுன்னுதான். ஐஎஸ்பிஎம் 15ன்னு விதி, 2002ல வந்தது. நாடு விட்டு நாடு போற மரத்துக்குத்தான் அது பொருந்தும், உள்ளூர்லயே சுத்துன பேலட்டுல முத்திரையே இருக்காது. அதனால முத்திரை இல்லைன்னா விஷம்னு இல்ல, அதோட கதை நமக்குத் தெரியாதுன்னு மட்டும்தான் அர்த்தம்.

ஆனா ஒண்ணு, நான் முத்திரையை விட கறையத்தான் அதிகம் பாப்பேன். ஹெச்டி முத்திரை குத்துனதுக்கு அப்புறம் அந்தப் பேலட் மேல எத்தன வருஷம் என்னென்ன வச்சாங்க, என்ன கொட்டுச்சு, அதுக்கு எந்த முத்திரையும் கிடையாது. எண்ணெய்க் கறை, விசித்திரமான கலர், மோந்து பாத்தா மூக்குல ஏறுற கெமிக்கல் வாசம், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் திருப்பிக் குடுத்துருங்க. பச்சை சாயல்ல இருந்தாலும் வேண்டாம், கரையான் மருந்து ஏத்துன கட்டையா இருக்கலாம். மிச்சம் விழுற துண்டுகளை அடுப்புல போட்டு எரிக்காதீங்க, அதையும் சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, முழுக்க நீலப் பெயின்ட், இல்ல சிவப்புப் பெயின்ட் அடிச்சிருந்தா அது பெரும்பாலும் வாடகைக்கு விடுற கம்பெனியோட சொத்து. செப்னு (CHEP) போட்ட நீலப் பேலட் உலகம் பூரா சுத்துது, அது குடோன்காரங்களுக்கே சொந்தம் கிடையாது, அவங்க பெரிய மனசு பண்ணி உங்களுக்கு எப்படிக் குடுக்க முடியும்?

வளைஞ்ச_ஆணி:

பிளந்த நாலு பலகைக்காக வருத்தப்படாதீங்க, நான் முதல் பேலட்ல பன்னெண்டு பிளந்தேன்.

உங்க மேல தப்பே இல்ல. பேலட்டுல அடிக்கிற ஆணி நம்ம வீட்டு ஆணி மாதிரி வழவழன்னு இருக்காது. உடம்புல வளையம் வளையமாவோ திருகு மாதிரியோ வெட்டு இருக்கும், உள்ள போனா திரும்பி வரக் கூடாதுன்னே செஞ்சது. டன் கணக்குல சரக்கு ஏத்தி ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கி எறிஞ்சாலும் கழண்டுறக் கூடாதுல்ல. ஐரோப்பாவுல சுத்துற இபால் பேலட் ஒண்ணுல மட்டும் 78 ஆணி. அத ஒவ்வொண்ணா புடுங்கணும்னு உக்காந்தா சீசனே முடிஞ்சுரும்.

அதனால புடுங்காதீங்க. நீங்க அலமாரி செய்யல, மேஜை செய்யல, நட்சத்திரமும் லாந்தரும்தான் செய்றீங்க, அதுக்கு எதுக்கு முழு நீளப் பலகை? மூணு வரிசை கட்டைக்கு மேல பலகை அடிச்ச பேலட்னா ஆணி எல்லாம் கட்டைக்கு மேல மட்டும்தான் இருக்கும், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்குற பாகத்துல ஒரு ஆணி கூட இருக்காது. அந்த இபால் அளவு 1200 மி.மீ. நீளப் பேலட்டுல கட்டை ஒவ்வொண்ணும் 145 மி.மீ., மூணு கட்டை, அதக் கழிச்சா 765, ரெண்டா பிரிச்சா ஒரு பக்கம் 38 செ.மீ. சொச்சம். ஆக ஒவ்வொரு பலகையில இருந்தும் ஜிக் ஸாவ கட்டையோட ஓரத்த ஒட்டி ஓட்டுனீங்கன்னா 38 செ.மீ.ல ரெண்டு சுத்தமான துண்டு. ஒரு ஆணி புடுங்கல, ஒரு பலகை பிளக்கல, சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கவும் இல்ல. இத எனக்கு யாராவது முதல் வருஷமே சொல்லியிருந்தா என் முதுகு இன்னிக்கு இப்படி இருக்காது.

முக்கோண மரத்துக்கு மட்டும் அடியில நீளப் பலகை வேணும், அதுக்கு ரெண்டு மூணு பலகை முழுசா கழட்டுனா போதும். அப்பவும் நெம்பாதீங்க. வெறும் ஹேக்ஸா பிளேடு ஒண்ணு எடுத்து ஒரு முனையில துணி சுத்தி, பலகைக்கும் கட்டைக்கும் நடுவுல கொஞ்சமா ஆப்பு வச்சு இடுக்கு உண்டாக்கி, அந்த இடுக்குல பிளேடை விட்டு ஆணியையே அறுத்துருங்க. ரெசிப்ரோகேட்டிங் ஸா (பிளேடு முன்னும் பின்னும் ஓடுற கரண்ட் ரம்பம்) யாராவது குடுத்தா உலோகம் அறுக்குற நீள பிளேடு போட்டு அஞ்சு நிமிஷத்துல ஒரு பேலட்டே பிரிஞ்சுரும். ஆணித் தலை பலகையிலயே நின்னுரும், சுத்தி கருப்பா ஒரு வட்டம் விழுந்திருக்கும், எனக்கு அந்தக் கருப்புப் பொட்டுதான் ரொம்பப் பிடிக்கும். வேண்டாம்னா பின்னாடி இருந்து பஞ்ச் வச்சு ஒரு தட்டு.

கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் அறுக்கணும். அறுந்த ஆணித் துண்டு எங்க போகும்னு அதுக்கே தெரியாது.

மாடிப்படி_பட்டறை:

ஐயோ, 38 செ.மீ. கணக்கு அருமை, நான் ஏன் இப்படி யோசிக்கவே இல்ல! உடைஞ்ச பலகைலயும் நடு பாகம் நல்லாத்தான் இருக்கு, அதுவும் தேறிரும் போல.

முத்திரை போய்ப் பாத்தேன். ஒண்ணுல ஹெச்டின்னு தெளிவா இருக்கு. இன்னொண்ணுல முத்திரையே இல்ல, ஒரு ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்கு கருப்பா ஏதோ ஊறிப் போயிருக்கு, மோந்து பாத்தா டீசல் மாதிரியும் இருக்கு, மாதிரி இல்லாமயும் இருக்கு. அதுல கறை இல்லாத பலகை மட்டும் எடுத்துக்கலாமா? அப்புறம் முத்திரை இல்லாத அந்தப் பேலட்டத் தூக்கி வச்சா கீழ மாவு மாதிரி நைசா தூள் விழுது.

குடோன்காரன்:

மாவு மாதிரி தூளா? சிஸ்டர், அந்தப் பேலட் முதல்ல உங்க மாடிப்படிக்குக் கீழ இருந்து வெளிய போகட்டும், மிச்சம் அப்புறம் பேசலாம். குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டையும் நைசா தூளும் சேந்து இருந்தா உள்ள மரவண்டு வேலை பாத்துட்டு இருக்குன்னு அர்த்தம். அது பேலட்டோட நிக்காது, உங்க கதவு நிலை வரைக்கும் விருந்துக்குப் போகும். டீசல் வாசம் வேற. ரெண்டு காரணம் சேந்துருச்சு, மனசக் கல்லாக்கிக்கிட்டுத் திருப்பி அனுப்புங்க.

ஹெச்டி முத்திரை இருக்கே, என் பேலட்டுக்கு வண்டு வராதுன்னும் நெனச்சுராதீங்க. சூடு பண்ணுன அன்னிக்கு உள்ள இருந்தது செத்துப் போச்சு, அவ்வளவுதான். நாளைக்குப் புதுசா ஏர்றத அது தடுக்காது. அதனால எதையும் வீட்டுக்குள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வெளிய ஒரு கருப்பு பிளாஸ்டிக் ஷீட் மேல வச்சுப் பாருங்க, தூள் விழுந்தா ஷீட்டே காட்டிக் குடுத்துரும்.

அரை_அங்குலம்:

நட்சத்திரக் கணக்கு நான் சொல்றேன், கோணமானி வேண்டவே வேண்டாம்.

அஞ்சு குச்சி, அஞ்சும் ஒரே நீளம். ஸ்கூல் நோட்டுல பேனா எடுக்காம ஒரே கோட்டுல நட்சத்திரம் போடுவோமே, அதே வடிவம்தான், ஒவ்வொரு கோடும் ஒரு குச்சி. ஒவ்வொரு குச்சிலயும் நாலு குறி. ரெண்டு முனையில ரெண்டு ஓட்டை, நடுவுல ரெண்டு பென்சில் கோடு. முனை ஓட்டைக்கும் முனை ஓட்டைக்கும் உள்ள தூரத்தை 0.382ஆல பெருக்குனா வர்ற அளவுல பென்சில் கோடு, ரெண்டு பக்கத்துல இருந்தும். உங்ககிட்ட 38 செ.மீ. துண்டு இருக்குல்ல, ரெண்டு பக்கமும் 1 செ.மீ. விட்டு ஓட்டை போடுங்க, ஓட்டைக்கு ஓட்டை 36 ஆச்சு, கோடு 13.75 செ.மீ.ல வரும், நடுவுல 8.5 மிச்சம். கோட்டு மேல கோடு உக்காந்தா முனையில 36 டிகிரி தானா வந்துரும், நீங்க ஒண்ணும் அளக்க வேண்டாம். சாதாரண அஞ்சுமுனை நட்சத்திரம் எல்லாத்துலயும் இதே விகிதம்தான். பெருசா வேணும்னா நீளத்தை மாத்துங்க, 0.382 மாறாது.

குச்சி கனம்தான் பிரச்சனை. பேலட் பலகை 2 செ.மீ. கனம் இருக்கும், அத அப்படியே குறுக்கும் நெடுக்குமா வச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நட்சத்திரம் நண்டு மாதிரி நிக்கும். டேபிள் ஸா வச்சிருக்குற யார்கிட்டயாவது குடுத்து அந்தத் துண்ட 8 மி.மீ. கனத்துக்குப் பட்டை பட்டையா அறுத்து வாங்குங்க. அந்தக் கனத்துல கொஞ்சம் வளையும், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பாய் பின்ற மாதிரி பின்னிட்டுப் போலாம், பின்னலே பாதிப் பிடிமானம் குடுத்துரும். குடுக்கும்போது ஆணி இல்லாத துண்டுன்னு நீங்களே காந்தம் வச்சுத் தடவிப் பாத்துட்டுக் குடுங்க. மரத்துக்குள்ள ஒளிஞ்சிருந்த ஒரு ஆணியால நான் ஒருத்தரோட பிளேடைக் காலி பண்ணி, அவரு இன்னி வரைக்கும் என்னப் பாத்தா அந்தப் பக்கமா போறாரு.

டிரில் போடாம ஆணியோ ஸ்க்ரூவோ அடிச்சா முனையில பிளக்கும், பழைய காஞ்ச மரம் அப்படித்தான். அவசரத்துக்கு ஆணிதான் இருக்குன்னா ஆணியத் தலைகீழா நிறுத்தி முனைய ஒரு தட்டு தட்டி மழுக்கிட்டு அடிங்க. கூர் ஆணி நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்குன ஆணி நாரை நசுக்கிட்டு உள்ள போகும்.

அடுத்து முக்கோண மரம். எல்லாரும் பண்ற தப்பு, பலகைகளை நெருக்கி அடுக்கி கம் வச்சு ஒட்டிடுவாங்க. ஹெச்டி மரம்னா சூடு பண்ணுனதுதான், ஈரம் வத்துனதுன்னு அர்த்தம் இல்ல, முத்திரையில கேடின்னும் (KD, சூளையில காய வச்சது) இருந்தா தவிர. வெளிய கிடந்த பலகை வீட்டுக்குள்ள வந்ததும் அகலத்துல சுருங்கும், நீளத்துல ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒட்டி வச்சா ஒரு மாசத்துல எங்கயாவது வெடிக்கும். நடுவுல செங்குத்தா ஒரு கட்டை, அது மேல படுக்கைவாட்டுல பலகை, பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி, ஒவ்வொரு பலகைக்கும் அகலத்தோட நடுவுல ஒரே ஒரு ஸ்க்ரூ. சுருங்குனா சுருங்கிட்டுப் போகட்டும். பலகை சுத்தாம இருக்க பின்னாடி சாய்வா ஒரு ரீப்பர் போட்டு அதுலயும் ஒண்ணு. எல்லாம் மாட்டுனதுக்கு அப்புறம் உச்சியில ஒரு ஆணி அடிச்சு நூல் கட்டி ரெண்டு பக்கமும் சாய்வா இழுத்துக் கோடு போட்டு அறுத்தா முக்கோணம் சரியா வரும். ஒவ்வொரு பலகையும் தனித்தனியா அளந்து அறுத்தா படிக்கட்டு மாதிரிதான் வரும், அனுபவத்துல சொல்றேன்.

இவ்வளவு எழுதிட்டு முக்கியமானத விட்டுட்டேன் பாருங்க. சீசன் அலங்காரம்னா வருஷத்துல பதினோரு மாசம் பரண்லதான் கிடக்கப் போகுது. செய்றதுக்கு முன்னாடியே எங்க வைக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு செய்யுங்க. நட்சத்திரம் தட்டையா இருக்கு, கட்டில் அடியில போயிரும். மரத்துக்கு நடுக்கட்டைய ரெண்டா வெட்டி கீல் போட்டா மடிஞ்சுரும். லாந்தர் ரெண்டையும் ஒரே சைஸ்ல செய்யாதீங்க, ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள போற மாதிரி செய்யுங்க. 2 செ.மீ. பலகைன்னா ரெண்டு பக்கச் சுவரும் சேந்து 4 செ.மீ. போயிரும், அதனால பெரியது சின்னத விட 5 செ.மீ. பெருசா இருந்தா உள்ள வழுக்கிட்டுப் போகும். எடுத்து வச்சாலும் பெருசும் சின்னதுமா அம்மாவும் பொண்ணும் நிக்கிற மாதிரி அழகா இருக்கும்.

தூசி_தும்மல்:

எல்லாம் சரி, யாரும் சாண்டிங் பத்திப் பேசல. சாம்பல் கலர் அழுக்கோட எல்லாம் வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது, 60 நம்பர் உப்புத்தாள் போட்டு உள் மரம் தெரியுற வரைக்கும் எடுங்க, அப்புறம் 120, அப்புறம் 180, வார்னிஷ் ரெண்டு கோட்டு. முடிஞ்சது.

வளைஞ்ச_ஆணி:

அப்படியே இழைச்சு எடுத்துட்டா அது புதுப் பலகை மாதிரி ஆயிடுமே சார், அதுக்குக் கடையிலயே பலகை வாங்கிரலாமே. அந்தச் சாம்பல் கலர் அழுக்கு இல்ல. மரத்துல லிக்னின்னு ஒரு பசை மாதிரி பொருள் இருக்கு, வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் அத உடைச்சுரும், மழை கழுவிட்டுப் போயிரும், மிச்சம் நிக்கிற நாருதான் சாம்பலா தெரியுது. அந்த நிறம் ரொம்ப மெல்லிசு, சாண்டரை ரெண்டு இழுப்பு இழுத்தா போயிரும், திரும்பி வர மாசக்கணக்குல வெயில்ல கிடக்கணும். பெயின்ட் அடிச்சு யாராலயும் அந்த நிறத்தைக் கொண்டு வர முடியாது.

நான் என்ன பண்ணுவேன்னா, நாருவாக்குலயே தேங்காய் நார் பிரஷ் போட்டு தண்ணியில தேச்சுக் கழுவி, நெழல்ல காய வச்சு, 120 நம்பர்ல கையால லேசா ஒரு தடவை. விளிம்பு, மூலை, கை படுற இடம் மட்டும் நல்லா. சிராய் போனா போதும்.

தூசி_தும்மல்:

கழுவுனா நார் எழுந்து நிக்கும், அதுக்குத்தான் சொன்னேன். சரி, நட்சத்திரத்துக்கு உங்க முறை, லாந்தருக்கு என் முறைன்னு வச்சுக்கட்டும், லாந்தரைத்தான் அடிக்கடி கையில தூக்குவாங்க.

எப்படித் தேச்சாலும் மாஸ்க் போட்டுத்தான் தேக்கணும், துணி மாஸ்க் இல்ல, என்95 மாதிரி. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மனுஷனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியல்ல வச்சிருக்கு. என் பேரப் பாத்தே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும், ரெண்டு வருஷம் மாஸ்க் இல்லாம தேச்சவன் நான், இப்ப பென்சில் சீவுனாக் கூட தும்மல் வருது.

வெள்ளைப் பெயின்ட் அடிக்கிற ஐடியா இருந்தா கணு இருக்குற இடத்துல மட்டும் முதல்ல ஷெல்லாக் பிரைமர் (அரக்குல செஞ்ச அடிப்பூச்சு) வச்சுருங்க. பைன் மரக் கணுல பிசின் இருக்கும், மேல எத்தன கோட்டு அடிச்சாலும் கொஞ்ச நாள்ல மஞ்சளா வட்டமா எட்டிப் பாக்கும்.

லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) தேய்க்கிறதா இருந்தா ஒண்ணு கண்டிப்பா தெரிஞ்சுக்கங்க. தேச்ச துணியச் சுருட்டி மூலையில போட்டா அது தானா தீப்பிடிக்கும். யாரும் கொளுத்த வேண்டாம். அந்த எண்ணெய் காத்துல இருக்குற ஆக்ஸிஜனோட சேந்துதான் காயும், காயும்போது சூடு விடும், சுருட்டி வச்ச துணிக்குள்ள அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே போகும். வெளிய ஒத்தையா விரிச்சுக் காயப் போடுங்க, இல்லைன்னா தண்ணி ஊத்துன தகர டப்பாவுல போட்டு மூடி வைங்க. மாடிப்படிக்குக் கீழ பட்டறைன்னு சொன்னதும் எனக்கு முதல்ல இதுதான் ஞாபகம் வந்துச்சு, தீப்பிடிச்சா மேல இருக்குறவங்க இறங்கி வர வழி அதுதானே.

லாந்தருக்குள்ள நிஜ மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி எல்இடி சரம் போதும். வாசல்ல வைக்கிறதுன்னா பேட்டரிப் பெட்டிய அடிப்பலகைக்குக் கீழ மாட்டுங்க, மழைத் தண்ணி படாது.

மாடிப்படி_பட்டறை:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். வண்டுப் பேலட்டத் திருப்பி அனுப்பியாச்சு, ஹெச்டி பேலட்டுல மட்டுமே எல்லாம் வந்துருச்சு. லாந்தர் ரெண்டும் சூப்பர், உண்மையாவே ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகுது, வர்றவங்க எல்லார்கிட்டயும் எடுத்துப் போட்டுக் காட்டிட்டு இருக்கேன். மரம் முடிஞ்சுது, கீல் கொஞ்சம் கோணலா மாட்டிட்டேன், மடிக்கும்போது ஒரு முனகல் சத்தம் போடுது.

நட்சத்திரம்தான் காலை வாருது. அஞ்சு குச்சியும் 8 மி.மீ.க்கு அறுத்து வாங்கி ஒவ்வொண்ணா மாட்டிட்டு வந்தேன், நாலு முனை சரியா வந்துச்சு, அஞ்சாவது முனையில ரெண்டு குச்சியும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு 2 செ.மீ. தள்ளி நிக்குது, சண்டை போட்ட சொந்தக்காரங்க மாதிரி. 13.75 அளந்துதான் கோடு போட்டேன், ஒவ்வொரு முனையிலயும் ஆடாம இருக்கட்டும்னு ரெண்டு ஸ்க்ரூ போட்டேன். எங்க தப்பு?

அரை_அங்குலம்:

13.75ஐ எங்க இருந்து அளந்தீங்க, ஓட்டைல இருந்தா, குச்சி விளிம்புல இருந்தா?

மாடிப்படி_பட்டறை:

...விளிம்புல இருந்து. 🤦

அரை_அங்குலம்:

அதுதான் ஒண்ணு. இன்னொண்ணு அந்த ரெண்டு ஸ்க்ரூ. ஒரு ஸ்க்ரூ இருந்தா குச்சி கத்திரிக்கோல் மாதிரி சுத்தும், ரெண்டு போட்டதும் நீங்க கண்ணால பாத்து வச்ச கோணம் அப்படியே பூட்டிக்கும். ஒவ்வொரு முனையிலயும் ஒரு டிகிரி ரெண்டு டிகிரி தப்புனாலும் அஞ்சாவதுக்கு வரும்போது எல்லாம் சேந்து கடன் மாதிரி நிக்கும்.

கம் வைக்கலைல்ல? அப்ப பிழைச்சோம். எல்லா முனையிலயும் ஒரு ஸ்க்ரூவ கழட்டுங்க. பழைய பென்சில் கோட்ட அழிச்சுட்டு ஓட்டையோட நடுவுல இருந்து 13.75 புதுசா போடுங்க. அஞ்சாவது முனையையும் ஒத்தை ஸ்க்ரூல கோத்துருங்க, இப்ப மொத்த நட்சத்திரமும் தொளதொளன்னு ஆடும், பயப்படாதீங்க, ஆடணும். தரையில படுக்க வச்சு கோட்டு மேல கோடு வர்ற வரைக்கும் மெதுவா தள்ளுங்க, நடுவுல இருக்குற அஞ்சு கிராஸும் பொருந்துனதும் கிளிப் போட்டு பிடிச்சுக்கிட்டு அங்க ஒரு சொட்டு கம், காஞ்சதுக்கு அப்புறம் முனைக்கு ரெண்டாவது ஸ்க்ரூ.

மாடிப்படி_பட்டறை:

கூடிருச்சு!! ராத்திரி பத்து மணிக்கு தரையில படுத்துக்கிட்டே தள்ளித் தள்ளி சேத்துட்டேன். காலையில பாத்தா ஒரு முனை மட்டும் மத்ததை விட கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கு, பழைய ஸ்க்ரூ ஓட்டையும் நாலு இடத்துல தெரியுது. அந்த முனைய வராண்டா தூண்ல ஏறுற கொடிக்குப் பின்னாடி வர்ற மாதிரி மாட்டப் போறேன். ஓட்டைக்கு மரத்தூளும் கம்மும் குழைச்சு வைக்கலாமா இல்ல அப்படியே விட்டுரலாமா?

வளைஞ்ச_ஆணி:

அப்படியே விடுங்க. பேலட்டுல ஓட்டை இருந்தா யாரு கேக்கப் போறாங்க.